இன்டர்காம், இசை, வழிகாட்டிக் குரல் வசதியுள்ள தலைக்கவசத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒலி வசதியுள்ள தலைக்கவசம் வாங்க வருபவர்களில் பெரும்பாலோர், எத்தனை கிலோமீட்டர் தொலைவு வரை பேசலாம், எத்தனை மணி நேரம் பாட்டுக் கேட்கலாம் என்பதைத்தான் முதலில் கேட்கிறார்கள். தலையின் அளவும் காதுக்குழியும் சான்று முத்திரையும் கடைசியில்தான் பேச்சுக்கு வருகின்றன. வாங்கிய பின் எழும் குறைகளில் பெரும்பாலானவை இந்தத் தலைகீழ் வரிசையால் வருபவை.

எனவே முதலில் தலை, அடுத்துக் காது, அதன்பின் கருவி என்ற வரிசையில் இந்த வழிகாட்டி செல்கிறது. கருவியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், ஸ்பீக்கரை நகர்த்தலாம், மென்பொருளைப் புதுப்பிக்கலாம். தலைக்குப் பொருந்தாத கவசத்தை இவற்றில் எதனாலும் சரிசெய்ய முடியாது.

கடைக்குச் செல்லும்முன் கையில் இருக்கவேண்டியவை

தையல்காரர் பயன்படுத்தும் அளவு நாடா, நீங்கள் வழக்கமாக அணியும் கையுறை, கண்ணாடி அணிபவராயின் அந்தக் கண்ணாடி, வரைபடச் செயலியும் பதிவிறக்கிய சில பாடல்களும் உள்ள உங்கள் செல்பேசி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். உங்களோடு பயணம் செய்பவரிடம் ஏற்கெனவே ஓர் இன்டர்காம் (வண்டியில் செல்வோர் தமக்குள் பேசிக்கொள்ள உதவும் கருவி) இருந்தால், அதன் நிறுவனப் பெயரையும் மாடல் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்தக் கருவியையே அவரிடம் இரவல் வாங்கி எடுத்துச் செல்லுங்கள். இவை இல்லாமல் சென்றால், கீழே சொல்லப்படும் சோதனைகளில் பாதியைச் செய்ய இயலாது.

1. யாரோடு பேசப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்

தனியாகவே பயணிப்பவருக்கு இன்டர்காம் தேவையில்லை. இசை, அழைப்பு, வழிகாட்டிக் குரல் மூன்றையும் தரும் எளிய புளூடூத் கருவியே அவருக்குப் போதும். பின்னால் அமர்பவரோடு மட்டும் பேச வேண்டும் என்றால் தொலைவைப் பற்றிய கணக்கே வேண்டியதில்லை. இரண்டு தலைக்கவசங்களுக்கும் இடையே ஒரு மீட்டர்கூட இருக்காது.

மூன்று நான்கு வண்டிகளோ அதற்கு மேலோ சேர்ந்து செல்பவருக்குத்தான் இணைப்பு முறையும் தொலைவும் முக்கியமாகின்றன. இதை முதலிலேயே தீர்மானிக்கச் சொல்வதற்குக் காரணம், கருவியின் விலையைப் பெரும்பாலும் ஏற்றுவது குழு உரையாடல் வசதிதான் என்பதே. தேவையற்ற அந்த வசதிக்குப் போகும் பணம், பெரும்பாலும் தலைக்கவசத்தின் தரத்திலிருந்துதான் கழிக்கப்படுகிறது.

2. தலையை அளந்து, பொருத்தத்தைச் சோதியுங்கள்

புருவத்துக்கு ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் மேலே நாடாவை வைத்து, காதுகளுக்கு மேலாகக் கொண்டுசென்று, பின்மண்டையின் மிகவும் புடைத்த பகுதியைச் சுற்றி அளக்க வேண்டும். சில முறை அளந்து, கிடைத்தவற்றுள் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தந்த நிறுவனத்தின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒரு நிறுவனத்தின் நடுத்தர அளவு மற்றொன்றில் பெரியதாக இருக்கலாம்.

சுற்றளவு ஒன்றாக இருந்தாலும் தலையின் வடிவம் வேறுபடும். சிலருக்கு முன்னிருந்து பின்னாக நீண்டும், சிலருக்கு ஏறக்குறைய வட்டமாகவும் இருக்கும். நீண்ட தலையை வட்டமான கவசத்துக்குள் நுழைத்தால் நெற்றியில் ஒரே புள்ளியில் அழுத்தம் விழும். இது ஐந்து நிமிடத்தில் தெரிவதில்லை. ஆகவே 15 முதல் 20 நிமிடம் வரை அணிந்தபடியே இருந்து, கழற்றியதும் நெற்றியில் சிவந்த தடம் இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள்.

அடுத்து, வார்ப்பட்டையைப் பூட்டிக்கொண்டு, கவசத்தின் பின்புறக் கீழ்விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தூக்கும்படி உடனிருப்பவரிடம் சொல்லுங்கள். தலையிலிருந்து அது கழன்று வந்தால் அந்த அளவு உங்களுக்கானதன்று. பக்கவாட்டில் அசைக்கும்போது கன்னத்தின் தோலும் சேர்ந்து நகர வேண்டும். கவசம் மட்டும் வழுக்கிச் சுழலக் கூடாது.

புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று இங்கே உண்டு. ஸ்பீக்கருக்கு இடம் வேண்டும் என்று எண்ணி ஓர் அளவு பெரியதாக வாங்கிவிடுகிறார்கள். ஸ்பீக்கர் அமர்வது காதுக்கு நேரே உள்ள குழியில்தான். தளர்வான கவசத்தில் அது காதிலிருந்து விலகி ஒலியும் குன்றும், விபத்தில் கவசமும் தலையில் நிற்காது. கன்னத் திண்டுகள் சில வாரப் பயன்பாட்டில் சற்று அமுங்கும் என்பதால், புதிதில் கன்னம் இறுக்கமாக இருப்பதே சரி.

3. சான்று முத்திரையை ஒலி வசதிக்கு முன் பாருங்கள்

ஐரோப்பிய நெறிமுறையான ஈசிஇ 22.06, அமெரிக்காவின் டாட், இந்தியாவின் ஐஎஸ் 4151 என்று நாட்டுக்கு நாடு தரநிலைகள் உள்ளன. நீங்கள் வண்டி ஓட்டும் நாட்டில் சட்டம் கேட்கும் முத்திரை கவசத்தில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. புளூடூத் வசதியை மட்டும் பெரிதாக அச்சிட்டு, முத்திரையைப் பற்றி ஒன்றும் சொல்லாத பெட்டியை அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள்.

2021 முதல் நடைமுறைக்கு வந்த 22.06, முந்தைய 22.05-ஐவிடக் கடுமையானது. சாய்வாக மோதும்போது தலை சுழலும் விசையை அது அளக்கிறது. தயாரிப்பாளர் குறிப்பிடும் துணைக்கருவிகளைப் பொருத்திய நிலையில் கவசத்தைச் சோதிக்கவும் அதில் இடம் இருக்கிறது. ஒலிக் கருவி வாங்குபவருக்கு இந்த இரண்டாவது அம்சம் முக்கியம். கவசத்தின் ஓட்டிலோ, உள்ளே இருக்கும் தெர்மோகோல் அடுக்கிலோ பின்னர் துளையிட்டால் அந்தச் சான்றுக்குப் பொருளே இல்லாமல் போகிறது.

தாடைப் பகுதி மேலே திறக்கும் கவசத்தை விரும்பினால், வார்ப்பட்டையில் தைக்கப்பட்டிருக்கும் ஈசிஇ சீட்டைப் பாருங்கள். பி என்ற எழுத்து தாடைப் பாதுகாப்பு உள்ளதையும், ஜே என்பது அது இல்லாததையும், பி/ஜே என்பது மூடியும் திறந்தும் ஓட்டத் தகுதி பெற்றதையும் குறிக்கும்.

4. மூன்று வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

முதல் வகையில் ஸ்பீக்கர், மைக், மின்கலம், பட்டன் அனைத்தும் தொழிற்சாலையிலேயே கவசத்துக்குள் பதிக்கப்பட்டிருக்கும். வெளியே எதுவும் துருத்தாது என்பதால் காற்றிரைச்சல் அதிகரிக்காது, பொருத்தும் வேலையும் இல்லை. ஆனால் மின்கலம் பழுதானால் மாற்ற முடியுமா என்று கேட்காமல் இதை வாங்கக் கூடாது. லித்தியம் மின்கலம் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். அதை வெளியே எடுக்க வழி இல்லையெனில் நல்ல கவசம் ஊமையாகிவிடும்.

இரண்டாம் வகையில், குறிப்பிட்ட ஒரு கருவிக்கென்றே கவசத்தில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். ஷூபர்த் சி5 கவசத்தில் ஸ்பீக்கர்களும் ஆன்டெனாவும் முன்பே உள்ளன. எஸ்சி2 கருவியைச் செருகினால் வேலை முடிந்தது. ஷோயி நியோடெக் 3 கவசம் சேனா என்ற இன்டர்காம் நிறுவனத்தின் எஸ்ஆர்எல்3 கருவிக்காக வடிவமைக்கப்பட்டது. தோற்றமும் ஒலியும் இதில் நன்றாக இருக்கும்; எனினும் அந்தக் கருவியை அதற்கென வடிவமைக்கப்படாத கவசத்துக்கு மாற்ற முடியாது.

மூன்றாம் வகையில், விரும்பிய கவசத்தை வாங்கி, அதன் இடப்புற விளிம்பில் கவ்வியாலோ ஒட்டுப்பட்டையாலோ தனிக் கருவியைப் பொருத்திக்கொள்கிறோம். முதன்முறை வாங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். தலைக்கவசத்தை ஏறத்தாழ ஐந்து ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் மாற்றிவிடும்படி தயாரிப்பாளர்கள் பரவலாகச் சொல்கிறார்கள். கீழே விழுந்து அடிபட்டால் அன்றே மாற்ற வேண்டும். அப்போது தனிக் கருவியைக் கழற்றிப் புதிய கவசத்தில் மாட்டிக்கொள்ளலாம். கவ்வி பிடிக்கும் அளவுக்கு விளிம்பு மெலிதாக இருக்கிறதா, ஓட்டுக்கும் தெர்மோகோலுக்கும் இடையே தகடு நுழைய இடைவெளி உள்ளதா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

5. காதுக்குழியைச் சோதியுங்கள்

ஒலியின் தரத்தைத் தீர்மானிப்பதில் ஸ்பீக்கரின் நிறுவனப் பெயரைவிட அது காதுத்துளைக்கு நேரே இருக்கிறதா என்பதே பெரிது. ஒரு சென்டிமீட்டர் விலகினாலே அடித்தொனி மறைந்து, பேச்சு மெலிந்து, வேகமெடுத்ததும் எதுவும் கேட்காமல் போய்விடும். விலை உயர்ந்த கருவியை வாங்கிவிட்டுச் சத்தம் போதவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான். பெரும்பாலும் பிழை அங்கேயே அகப்படும்.

பரவலாகக் கிடைக்கும் ஸ்பீக்கர்கள் 40 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை. கன்னத் திண்டைக் கழற்றி, தெர்மோகோலில் காதுக்கென வார்க்கப்பட்ட வட்டக்குழியின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து பாருங்கள். குழி ஆழமில்லாவிட்டால் ஸ்பீக்கர் காதுமடலை அழுத்தி, அரை மணி நேரத்தில் வலியெடுக்கும். அதற்காகத் தெர்மோகோலைச் செதுக்கி ஆழப்படுத்துவது கூடவே கூடாது. மோதலின் ஆற்றலை நசுங்கி உள்வாங்குவது அந்த அடுக்குதான். குழி போதாதெனில் மெல்லிய ஸ்பீக்கரையோ வேறு கவசத்தையோ தேடுங்கள்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஸ்பீக்கர்களைத் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டு, கவசத்தை அணிந்து, நடுத்தர ஒலியில் ஒரு பாட்டை ஓட விடுங்கள். இரு உள்ளங்கைகளாலும் கவசத்தின் பக்கங்களைக் காதோடு சேர்த்து அழுத்துங்கள். ஒலி சட்டென்று தடித்து, அடித்தொனி மேலெழுந்தால் ஸ்பீக்கர் காதிலிருந்து தள்ளி இருக்கிறது. அதன் பின்னால் பஞ்சு வட்டு ஒன்றை வைத்து நெருக்க வேண்டும். பிறகு கவசத்தைச் சிறிது முன்னும் பின்னும், மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். எந்தப் பக்கம் நகர்த்தும்போது ஒலி தெளிகிறதோ, அந்தப் பக்கமாக ஸ்பீக்கரை இடம் மாற்றி ஒட்டுங்கள்.

இரண்டு காதுகளையும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். நம் காதுகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. கண்ணாடி அணிபவர்கள் அதை அணிந்தபடியே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஸ்பீக்கருக்கும் தலைக்கும் இடையே கண்ணாடிக் காம்பு சிக்கினால் பொட்டில் வலி வரும்.

6. மைக்கின் வகையும் இடமும்

முகம் முழுதும் மூடும் கவசத்துக்குக் கம்பியில் தொங்கும் சிறிய பொத்தான் மைக் ஏற்றது. அதைத் தாடைப் பகுதியின் உட்புறத்தில் ஒட்டிவிடலாம். தாடை திறக்கும் கவசத்துக்கும் முகம் திறந்த கவசத்துக்கும் வளையும் தண்டு மைக் வேண்டும், ஏனெனில் ஒட்டுவதற்கு அங்கே நிலையான இடம் இல்லை. எந்த மைக் பெட்டியில் இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். பல கருவிகளில் இரண்டும் தரப்படும்.

தண்டு மைக்கில் அம்புக்குறியோ பட்டையான பக்கமோ இருக்கும். அது உதட்டை நோக்க வேண்டும். திரும்பியிருந்தால் இரைச்சல் குறைப்பு வசதி உங்கள் குரலையே இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அடக்கிவிடும். மைக்கின் மேலுள்ள பஞ்சு உறையைக் கழற்றவே கூடாது.

7. இன்டர்காம் இணைப்பு: புளூடூத் அல்லது மெஷ்

புளூடூத் இன்டர்காமில் கருவிகள் சங்கிலியாக இணைகின்றன. பெரும்பாலும் நான்கு பேர் வரை சேரலாம். நடுவில் உள்ளவர் பின்தங்கினால் அவருக்கு அப்பால் உள்ளவர்களும் துண்டிக்கப்படுவார்கள். மெஷ் முறையில் ஒவ்வொரு கருவியும் அருகிலுள்ள மற்ற கருவிகளோடு தானாக இணைந்துகொள்வதால், ஒருவர் விலகினாலும் உரையாடல் வேறு வழியாகத் தொடரும். விலகியவர் நெருங்கி வந்ததும் தாமாகவே சேர்ந்துகொள்வார். மூன்றுக்கு மேற்பட்ட வண்டிகள் சேர்ந்து செல்லும் வழக்கம் இருந்தால் மெஷ் வாங்குவதே சரி. அதற்குக் குறைவாக இருந்தால் புளூடூத் தாராளமாகப் போதும். மெஷ் மின்கலத்தையும் விரைவாகத் தீர்த்துவிடும்.

சேனாவின் மெஷ்ஷும் கார்டோ நிறுவனத்தின் மெஷ் முறையான டிஎம்சியும் வெவ்வேறு முறைகள் என்பதை வாங்கும் முன்பே அறிந்திருங்கள். இவை ஒன்றோடொன்று மெஷ் வழியாக நேரடியாகப் பேசா. வேறு நிறுவனக் கருவியோடு புளூடூத் வழியாக இணைப்பதற்கு வசதி உண்டு. ஆனால் பல கருவிகளில் அந்த இணைப்பு, எதிரிலுள்ள இன்டர்காமை ஒரு செல்பேசியாகக் கருதியே நடக்கிறது. ஆகவே செல்பேசிக்கான இணைப்பிடங்களில் ஒன்று அதற்குப் போய்விடும். குரலும் தொலைபேசித் தரத்துக்கு இறங்கும். உடன் வருபவர்களின் நிறுவனத்திலேயே வாங்குவது இதனால்தான் நல்லது.

பெட்டியில் எழுதியிருக்கும் தொலைவு, நடுவில் தடையே இல்லாத திறந்தவெளியில் அளந்தது. வளைவுகளும் கட்டடங்களும் லாரிகளும் உள்ள சாலையில் அதில் பாதி கிடைத்தாலே நன்று என்று வைத்துக்கொண்டு கணக்கிடுங்கள்.

8. இசையும் வழிகாட்டிக் குரலும் ஒன்றாக வரும்போது என்ன நடக்கிறது?

விற்பவர்களும் வாங்குபவர்களும் அதிகம் கவனிக்காத பகுதி இது. புளூடூத்தில் இசைக்கு ஏ2டிபி என்ற தடமும், அழைப்புக்கு எச்எஃப்பி என்ற தடமும் தனித்தனியாக உள்ளன. முதலாவது ஸ்டீரியோ ஒலியை நல்ல தரத்தில் கொண்டுவரும். இரண்டாவது இருவழிப் பேச்சுக்காகக் குறுக்கப்பட்டது. அழைப்பு வந்ததும் பாட்டு நின்றுபோவதும், சில கருவிகளில் இன்டர்காமைத் திறந்ததும் இசையின் தரம் இறங்குவதும் இந்தப் பிரிவினால்தான். அவை கருவியின் பழுதல்ல.

வழிகாட்டிக் குரல் எந்தத் தடத்தில் வருகிறது என்பது செல்பேசிச் செயலியின் அமைப்பைப் பொறுத்தது. புளூடூத் வழியாகக் குரலை ஒலிக்கச் செய்வது, அழைப்பின் நடுவேயும் குரலை ஒலிக்கச் செய்வது என்ற தேர்வுகளைச் செயலியின் வழிகாட்டல் அமைப்புகளில் தேடிப் பாருங்கள். கருவி சரியாக இருந்தும் திருப்பக் குரல் மட்டும் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதையே.

கருவியிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இன்டர்காமில் பேசிக்கொண்டிருக்கும்போது வழிகாட்டிக் குரல் வந்தால், அது உரையாடலை வெட்டிவிட்டு ஒலிக்குமா, இரண்டும் கலந்து ஒலிக்குமா, அல்லது குரல் வராமலே போகுமா? பின்னணி ஒலியைத் தாழ்த்தி இரண்டையும் கலக்கும் வசதி உள்ள கருவிகளே நெடும்பயணத்துக்கு உகந்தவை. அந்த வசதி இல்லாத கருவியில், நண்பர் பேசிக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடத்தில்தான் திருப்பம் தவறிப்போகும்.

குரலை நம்பி ஓட்டத் தொடங்கிவிட்டால் செல்பேசியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளலாம். பார்வை சாலையிலிருந்து விலகுவதில்லை. கைப்பிடியில் பொருத்துவதால் வரும் அதிர்வும் செல்பேசிக்கு இல்லை. வலுவான எஞ்சின் அதிர்வு ஐபோன் கேமராவின் நிலைப்படுத்தும் அமைப்பைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்திருக்கிறது.

9. பட்டன்களைக் கையுறையோடு அழுத்திப் பாருங்கள்

வலக்கை ஆக்சிலரேட்டரை விட்டு வர முடியாது என்பதால் கருவிகள் பெரும்பாலும் இடப்புறத்தில் இருக்கின்றன. கண்ணால் பார்க்காமல் தடவியே கண்டுகொள்ள வேண்டும் என்பதால், சிறிய பட்டன்கள் நெருக்கமாக அடுக்கியிருப்பதைவிடச் சுழற்றும் குமிழோ, வடிவத்தால் வேறுபட்ட பெரிய பட்டன்களோ உள்ள கருவி நல்லது. கையுறையை அணிந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒலியைக் குறைத்து, பாட்டை நிறுத்தி, இன்டர்காமைத் திறந்து பாருங்கள். குரல் கட்டளை வசதியைப் பெரிதாக நம்ப வேண்டாம்; வேகத்தில் காற்றிரைச்சல் ஏறும்போது அது அடிக்கடி பிழைபடும்.

10. மின்கலமும் மழையும்

பேச்சு நேரம், காத்திருப்பு நேரம் என இரண்டு எண்கள் தரப்படும். பேச்சு நேரத்தை மட்டும் பாருங்கள். மெஷ்ஷுக்கான நேரம் தனியாகக் கொடுக்கப்பட்டிருந்தால் உங்களுக்கு உரியது அதுவே. மழையில் ஓட்டுபவர்கள் ஐபி67 போன்ற தெளிவான தரக்குறியைக் கேளுங்கள்; அது தூசு புகாததையும், ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்குவதையும் குறிக்கும். நீர் எதிர்ப்பு உண்டு என்று பொதுவாக எழுதியிருப்பது எதையும் உறுதிசெய்யாது. மின்னேற்றும் துளையின் ரப்பர் மூடியைத் திறந்துவிட்டு மழையில் போனால் எந்தத் தரக்குறியும் உதவாது.

11. வாங்கும் முன் முழு ஒத்திகை

செல்பேசியை முதலில் இணைத்து, பிறகு இன்டர்காமை இணையுங்கள். இந்த வரிசையைப் பின்பற்றினால், சிக்கல் வரும்போது அது செல்பேசியிலா இன்டர்காமிலா என்று பிரித்தறியலாம். பாட்டை ஓடவிட்டு வழிகாட்டலைத் தொடங்குங்கள். நடுவில் ஓர் அழைப்பை வரவழையுங்கள். அழைப்பு முடிந்ததும் பாட்டு தானாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். பிறகு உடன் வந்தவரைக் கடைக்கு வெளியே சிறிது தூரம் நடக்கவைத்து இன்டர்காமில் பேசுங்கள். கடையின் அமைதியில் நன்றாகக் கேட்பது சாலையில் கேட்கும் என்று சொல்ல முடியாது. எனவே, கடையில் அதிகபட்ச ஒலியில் பாதியை வைத்தாலே உரக்கக் கேட்கும் கருவியைத்தான் ஏற்க வேண்டும்.

12. முதல் பயணத்தில் ஒலியளவை நிர்ணயித்தல்

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பல கவசங்களுக்குள் காற்றிரைச்சல் மட்டுமே 95 டெசிபல் அளவை எட்டுகிறது. அமெரிக்காவின் தொழில் நலப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபலை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும் என்றும் வரையறுத்திருக்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடமே. இரைச்சலை அமுக்குவதற்காகப் பாட்டின் ஒலியை ஏற்றுவது, ஏற்கெனவே எல்லை தாண்டிய காதின் மேல் இன்னொரு சுமையை ஏற்றுவதாகும். செவித்திறன் ஒருமுறை போனால் திரும்பாது என்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

முதலில் இரைச்சலைக் குறையுங்கள். கழுத்துப் பட்டையும் தாடைத் திரையும் சரியாகப் பொருந்தியிருக்கின்றனவா என்று பாருங்கள். கருவிக்கும் ஓட்டுக்கும் இடையே காற்று சீழ்க்கையடிக்கும் இடைவெளி இருந்தால் அதை அடைத்துவிடுங்கள். அடுத்து, நெடுஞ்சாலைப் பயணத்துக்கு மென்பஞ்சுக் காதடைப்பான் அணிந்து பாருங்கள். அடைப்பான் காற்றிரைச்சலையும் ஸ்பீக்கர் ஒலியையும் சேர்த்தே குறைக்கிறது. அதன்பின் ஸ்பீக்கரை மட்டும் சிறிது ஏற்றிக்கொள்ளும்போது, குறைந்த மொத்த ஒலியிலேயே பேச்சு தெளிவாகக் கேட்கும்.

காதடைப்பான், காதுக்குள் செருகும் இயர்போன் ஆகியவற்றுக்கான சட்டம் இடத்துக்கு இடம் மாறும். வண்டி ஓட்டும்போது இயர்போன் அணிவதைப் பிரான்ஸ் 2015 ஜூலை முதல் தடைசெய்துள்ளது. கவசத்துக்குள் பொருத்திய ஸ்பீக்கருக்கு அங்கே தடையில்லை. உங்கள் இடத்து விதியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஒலியளவை நகர வேகத்தில் நிர்ணயித்துக்கொள்ளுங்கள்: பின்னால் வரும் வண்டியின் ஹாரனும் உங்கள் எஞ்சின் ஓசையும் பாட்டின் ஊடே கேட்க வேண்டும். வேகத்துக்கேற்ப ஒலியைத் தானாக ஏற்றும் வசதி கருவியில் இருந்தால், அதன் மேல்வரம்பைச் செயலியில் தாழ்த்தி வையுங்கள். முதல் சில பயணங்களுக்குப் பின் கன்னத் திண்டுகள் அமுங்கி ஸ்பீக்கர்கள் சற்று இடம் மாறியிருக்கும். அப்போது ஐந்தாம் படியில் சொன்ன உள்ளங்கைச் சோதனையை இன்னொரு முறை செய்து, ஒட்டுப்பட்டையைச் சரிசெய்துகொள்ளுங்கள்.